பித்தப்பைக் கல்: எதைச் சும்மா விடுவது, எதற்கு ஓடுவது

முழு உடல் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு இன்று பெரும்பாலும் வயிற்று ஸ்கேனும் உண்டு. ரிப்போர்ட்டில் கல்லீரல் நார்மல், மண்ணீரல் நார்மல், சிறுநீரகம் நார்மல் என்று வந்துகொண்டே இருக்கும். இடையில் 'பித்தப்பையில் 8 மி.மீ. கல்' என்று ஒரு வரி இருந்துவிட்டால் வீடு இரண்டு கட்சியாகிவிடும். "லேப்ராஸ்கோபிதானே, நாலு சின்ன ஓட்டை, மறுநாளே வீட்டுக்கு வந்துடலாம், எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருங்க" என்பது ஒரு கட்சி. "கத்தி மட்டும் வைக்க விடாதீங்க, வாழைத்தண்டுச் சாறு குடிச்சா கரைஞ்சு போயிடும்" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் கல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கின்றன. அது எங்கே இருக்கிறது, இதுவரை என்ன செய்திருக்கிறது என்று கேட்பதில்லை. என் வாதம் இதுதான்: தொந்தரவே தராமல் பைக்குள் கிடக்கிற கல்லுக்கு நாம் வேண்டாத அவசரம் காட்டுகிறோம், ஒருமுறை பித்தநாளத்துக்குள் இறங்கி, காமாலையையோ கணைய அழற்சியையோ கொடுத்துவிட்ட கல்லுக்கு வேண்டாத நிதானம் காட்டுகிறோம். சிறு துளை சிகிச்சைகள் வந்தது பெரிய நன்மை, சந்தேகமே இல்லை. ஆனால் முதல் தப்பை அவை பெருக்கின. இரண்டாவதைத் தாமாகத் திருத்திவிடவும் இல்லை.

முதலில் சாறு விஷயத்தை முடித்துவிடலாம். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை அதில் 30 முதல் 50 மி.லி. வரை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்கு வந்ததும் சுருங்கி அதை வெளியே அனுப்புகிறது. பித்தநீரில் கொலஸ்ட்ரால் கரையும் அளவைத் தாண்டினாலோ, சிவப்பணுக்கள் சிதைவதால் வருகிற பிலிருபின் மிகுந்துபோனாலோ படிகம் கட்டிக் கல்லாகிறது. வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்கள்தான் அதிகம். தெற்கே நிறமிக் கற்களின் பங்கு கூடுதல். இந்த வித்தியாசத்துக்கு ஒரு விளைவு உண்டு. கல்லைக் கரைக்க என்று தரப்படும் உர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை கரைப்பது கொலஸ்ட்ரால் கல்லை மட்டும்தான். அதுவும் சிறியதாக, சுண்ணாம்பு ஏறாததாக இருந்து, மாதக்கணக்கில் விழுங்கினால். கரைந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஐந்து ஆண்டுகளில் திரும்ப வந்துவிடுகிறது. 1980களில் மியூனிக்கில் அதிர்வலையால் பித்தப்பைக் கல்லை உடைத்தும் பார்த்தார்கள். அதற்கும் இதே கதிதான். கல் விளைகிற பை உள்ளேயே இருக்கும்வரை கல்லை மட்டும் எடுப்பதில் அதிகப் பயனில்லை. 'கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடக் கூடாதா' என்ற நியாயமான கேள்விக்கும் பதில் அதுவே.

வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வைத்தியம். சிறுநீர் பெருகினால் சின்னக் கல் அடித்துக்கொண்டு போகும் என்றாவது அங்கே ஒரு நியாயம் இருக்கிறது. பித்தநீர் ஓடும் பாதையே வேறு. எவ்வளவு சாறு குடித்தாலும் பித்தப்பைக்குள் வெள்ளம் வரப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் இன்னொன்று, சில நாள் ஆப்பிள் ஜூஸ் குடித்துவிட்டுக் கடைசி இரவு ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விழுங்கும் வைத்தியம். மறுநாள் மலத்தில் பச்சை உருண்டைகள் வரும், அவைதான் கற்கள் என்பார்கள். உருண்டைகள் வருவது பொய்யல்ல. 2005-ல் நியூசிலாந்து மருத்துவர்கள் அப்படி ஒரு பெண்மணி சேகரித்துக் கொண்டுவந்த உருண்டைகளைச் சோதித்து லான்செட் இதழில் எழுதினார்கள். அவற்றில் கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிருபினும் இல்லை. குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்பாகி உருண்டிருந்தது.

இனி அவசரக் கட்சிக்கு வருவோம். தொந்தரவு தராத கல்லைப் பற்றி மருத்துவ உலகமே ஒரு காலத்தில் பயந்துகொண்டுதான் இருந்தது. கல் என்று தெரிந்தால் எடு, இல்லாவிட்டால் ஒருநாள் வெடிக்கும் என்பதே பாடம். 1982-ல் கிரேஸி, ரான்சோஹாஃப் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு அதை ஆட்டம் காண வைத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு வழக்கமான உடல் பரிசோதனையில் பித்தப்பைப் படம் எடுத்திருந்தார்கள். அதில் கல் தெரிந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் 123 பேர். அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது ஐந்து ஆண்டில் வலி வந்தவர்கள் 10 சதவீதம், பத்து ஆண்டில் 15, பதினைந்து ஆண்டில் 18. அதன்பிறகு கோடு ஏறவேயில்லை. வருடம் போகப் போக ஆபத்து குவியும் என்று நினைத்ததற்கு நேர்மாறாக, வருடம் போகப் போக அது குறைந்தது. முக்கியமாக, பெரும்பாலும் முதலில் வந்தது வலிதான். எச்சரிக்கையே இல்லாமல் பெரிய சிக்கலில் போய் விழுந்தவர்கள் அபூர்வம். இதில் ஒரு குறையும் உண்டு. 123 பேரில் 110 பேர் ஆண்கள். பித்தப்பைக் கல் பெண்களுக்கு அதிகம் வருகிற நோய் என்பதால் இந்த எண்களை அப்படியே எல்லோர் மேலும் பொருத்த முடியாது. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளும் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு நிம்மதியாகவே இருப்பதைத்தான் காட்டின. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-ல் வெளியிட்ட வழிகாட்டி நேரடியாகவே சொல்கிறது: பித்தப்பையும் நாளங்களும் சரியாக இருந்து, தொந்தரவும் இல்லையென்றால் அந்தக் கல்லுக்குச் சிகிச்சை தேவையில்லை என்று நோயாளிக்கு ஆறுதல் சொல்லுங்கள்.

'சரி, ஆனால் எனக்குச் சர்க்கரை இருக்கிறதே' என்பது அடுத்த கேள்வி. சர்க்கரை நோயாளிக்குக் கல் இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்பது பழைய பாடம்; இன்றைய வழிகாட்டிகள் சர்க்கரையை மட்டும் காரணமாக வைத்து அப்படிச் சொல்வதில்லை. புற்றுநோய் பயம் இன்னும் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் உலகளவிலேயே அதிகமாக இருக்கிறது, குறிப்பாகப் பெண்களிடம். அங்கே இருக்கும் அறுவை மருத்துவர் சும்மா கிடக்கும் கல்லையும் சந்தேகத்தோடு பார்த்தால் அதில் அர்த்தம் உண்டு. ஆனால் சென்னைப் பகுதியில் அந்த நோய் வடக்கோடு ஒப்பிட மிகக் குறைவு. பாட்னாவுக்குப் பொருந்துகிற கவலையை மதுரைக்கு அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. கல் மிகப் பெரியதாக, 3 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, கூடவே 1 செ.மீ.க்கு மேற்பட்ட தசை முளை தெரிந்தாலோ விஷயம் வேறு. அப்போது வலி இல்லாவிட்டாலும் அறுவை பற்றிப் பேசத்தான் வேண்டும். வயதான பிறகு ஆபரேஷன் கஷ்டம், இப்போதே முடித்துவிடலாமே என்ற வாதமும் உண்டு. ஐந்தில் ஒருவருக்குப் பின்னால் வரக்கூடிய கஷ்டத்தைத் தவிர்க்க ஐந்து பேரையும் இப்போதே மேசையில் படுக்க வைப்பதுதான் அதன் கணக்கு. நாற்பது வயதில் ஆபத்து சிறியது என்பது உண்மை. ஆனால் அது பூஜ்யம் அல்ல.

ஏன் இந்த அவசரம் தொற்றிக்கொண்டது என்று புரிய வரலாறு கொஞ்சம் வேண்டும். பித்தப்பையை முதன்முதலாக வெற்றிகரமாக அகற்றியவர் பெர்லினைச் சேர்ந்த கார்ல் லாங்கென்புக், 1882 ஜூலையில். அதன்பிறகு நூறாண்டு காலம் வலது விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஒரு வாரம் ஆஸ்பத்திரி, ஒன்றிரண்டு மாதம் ஓய்வு, வாழ்நாளுக்கும் தழும்பு. 1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் போப்ளிங்கென் என்ற ஊரில் எரிக் மியூஹே சிறு துளை வழியாக அதை எடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு ஜெர்மானிய அறுவை மருத்துவர் சங்கத்தில் அதை விவரித்தபோது அவருக்குக் கிடைத்தது கேலிதான். 1992-ல் அதே சங்கம் அவருக்கு விருது கொடுத்தது. இடையில் 1987-ல் லியோன் நகரில் ஃபிலிப் மூரே, பிறகு பாரிஸ், போர்டோ, அமெரிக்கா என்று அது பரவிவிட்டது. இந்தியாவில் 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்டன் உத்வாடியா செய்தார். கோவையில் பழனிவேலு போன்றவர்கள் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே இறங்கினார்கள். ஒரு அறுவை முறை இவ்வளவு வேகமாக உலகம் முழுக்க மாறியது அபூர்வம். பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் வந்து சேர்வதற்கு முன்பே நோயாளிகள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பின் மறுபக்கத்தை அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் கணக்கு காட்டுகிறது. மாநிலம் முழுவதும் நடந்த பித்தப்பை அறுவைகளை எண்ணி, லேப்ராஸ்கோபிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 1994-ல் வெளியிட்டார்கள். ஒரு அறுவைக்கு இறக்கும் வாய்ப்பு 33 சதவீதம் குறைந்திருந்தது. அருமையான செய்தி. ஆனால் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தால் அந்த எண் குறையவில்லை, ஏனென்றால் அறுவைகளின் விகிதம் 28 சதவீதம் கூடிவிட்டது. அந்த மாநிலத்துக் குடிமக்களின் பித்தப்பை திடீரென்று கெட்டுப்போகவில்லை. எடுக்கலாம் என்று முடிவு செய்வதற்கான கோடு கீழே இறங்கிவிட்டது. இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, நல்ல வாதம்தான்: முன்பு பெரிய கிழிப்புக்குப் பயந்து வலியோடு வாழ்ந்தவர்கள் இப்போது தைரியமாக வந்தார்கள், அது நன்மைதானே? ஒரு பங்கு அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் தனித்தனியாகப் பாதுகாப்பான ஒரு சிகிச்சை ஊர் முழுக்கப் பரவும்போது கூட்டுக் கணக்கு எப்படி மாறும் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் 'ஆபத்து குறைவு' என்று சொல்வது உண்மையாக இருக்கும்போதே, தேவையில்லாதவர்களையும் அதற்குள் இழுத்துவிடலாம்.

துளை சின்னது என்பது தோலைப் பற்றிய செய்தி மட்டுமே. உள்ளே நடப்பது அன்று போலவே இன்றும் பெரிய வேலை. தொப்புளில் ஒரு துளை, மேல் வயிற்றில் ஒன்று, வலப்பக்கம் 5 மி.மீ. துளைகள் இரண்டு. கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். (ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் தோள்பட்டை வலிப்பது இந்த வாயு உதரவிதானத்தைச் சீண்டுவதால், பித்தப்பைக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று பயப்பட வேண்டாம்.) பிறகு பையைத் தூக்கிப் பிடித்து, அதன் கழுத்துக்கும் கல்லீரலுக்கும் இடையே காலோ முக்கோணம் எனப்படும் பகுதியில் கொழுப்பையும் சவ்வையும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நீக்குகிறார்கள். ஆபத்து முழுக்க இங்கேதான். பித்தப்பை ஒரு கத்தரிக்காய் என்றால் அதன் காம்பை வெட்ட வேண்டும், காம்பு ஒட்டியிருக்கிற கிளையை வெட்டிவிடக் கூடாது. அழற்சியில் எல்லாம் ஒட்டிச் சுருங்கியிருக்கும்போது கிளையே காம்பு மாதிரி தெரியும். அந்தக் கிளைதான் கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பொதுப் பித்தநாளம். திறந்த அறுவைக் காலத்தில் இந்தக் காயம் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு. லேப்ராஸ்கோபி வந்த தொடக்க ஆண்டுகளில் அது இரண்டு மூன்று மடங்கானது. 1995-ல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் ஒரு விதியை முன்வைத்தார்: முக்கோணத்தைச் சுத்தமாகத் துலக்கி, பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய்கள் என்று கண்ணால் பார்க்காமல் எதற்கும் கிளிப் போடாதே. அப்படிப் பார்க்க முடியாத வயிறுகளும் உண்டு. அங்கே பையின் பெரும்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துவதோ, திறந்த அறுவைக்கு மாறுவதோ தோல்வி அல்ல. 'கீஹோல் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் கிழித்துவிட்டார்கள்' என்று உறவினர்கள் குறைப்படுவது உண்டு. பல நேரம் அந்தக் கிழிப்புதான் நோயாளியைக் காப்பாற்றியிருக்கும்.

இதற்காகத் திறந்த அறுவையே மேல் என்று பழைய காலத்துக்கு ஏங்கவும் வேண்டாம். 1953 ஏப்ரலில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஆந்தனி ஈடனுக்கு லண்டனில் பித்தப்பை அறுவை நடந்தது, திறந்த முறையில், பெயர் பெற்ற மருத்துவரின் கையால். பித்தநாளம் காயப்பட்டது. அந்த மாதமே இரண்டாவது அறுவை, ஜூனில் பாஸ்டனில் லேஹி மருத்துவமனையின் ரிச்சர்ட் கேட்டல் கையால் மூன்றாவது. அதன்பிறகும் அவருக்கு அவ்வப்போது காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. 1956 அக்டோபரில், பிரதமராக சூயஸ் நெருக்கடியின் நடுவில் இருந்தபோதும் கடும் காய்ச்சலில் விழுந்தார். அடுத்த ஜனவரியில் உடல்நிலையைக் காரணம் காட்டிப் பதவி விலகினார். கேமராவோ கையோ, அந்த முக்கோணம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

அப்படியானால் வலி இருப்பவர்கள்? இங்கேயும் எந்த வலி என்று பார்க்க வேண்டும். பித்தப்பை வலி மேல்வயிற்றின் நடுவிலோ வலப்பக்கத்திலோ எழும்பி, அரை மணி நேரத்துக்கு மேல் சில மணி நேரம் வரை குறையாமல் நின்று, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவும். பெரும்பாலும் இரவில், பலமான சாப்பாட்டுக்குப் பிறகு. ஏப்பம் விட்டாலோ வெளிக்குப் போனாலோ அது விடாது. நம் ஊரில் இதைக் 'கேஸ்' என்று சொல்லிச் சோடா குடித்து வருடங்களை ஓட்டுகிறவர்கள் ஒருபுறம். உண்மையிலேயே வாயுத்தொல்லையும் நெஞ்செரிச்சலும் உள்ளவருக்கு ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்து, பழி அதன்மேல் விழுவது மறுபுறம். இரண்டாம் வகையினரின் பையை எடுத்தால் பை போகும், வயிற்று உப்புசம் இருக்கும். 2019-ல் வெளியான நெதர்லாந்தின் செக்யூர் ஆய்வில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்தார்கள். வழக்கப்படி சிகிச்சை பெற்ற குழுவிலேயே ஒரு வருடம் கழித்து வலி முற்றிலும் போனவர்கள் 60 சதவீதம்தான். இது ஆபரேஷன் வேலை செய்யவில்லை என்பதற்கான சான்று அல்ல. ஆள் தேர்வு சரியில்லை என்பதற்கான சான்று. பிரிட்டனில் 2023-ல் வெளியான சி-கால் ஆய்வு இன்னும் ஒருபடி போனது. சிக்கல் இல்லாத, ஆனால் வலி இருக்கிற 434 பேரில் பாதிப்பேரை அறுவைக்கும் பாதிப்பேரை மருந்தோடு காத்திருக்கவும் ஒதுக்கினார்கள். 18 மாதத்தில் இரு குழுவின் வலி அளவிலும் பெரிய வித்தியாசமில்லை. காத்திருந்தவர்களில் கால்வாசிப் பேர்தான் அதற்குள் அறுவை செய்துகொண்டார்கள். பதினெட்டு மாதம் குறுகிய காலம் என்பதும், அறுவைக் குழுவிலேயே மூன்றில் இரண்டு பங்குதான் அறுவை முடித்திருந்தார்கள் என்பதும் இதன் பலவீனங்கள். ஆகவே உண்மையான பித்தப்பை வலி அடிக்கடி வருகிறவர் எடுத்துவிடுவதே நல்லது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஒரே ஒருமுறை வலி வந்து போனவர் யோசிக்க அவகாசம் எடுத்துக்கொண்டால் குடி முழுகிவிடாது.

குடி முழுகுவது வேறு இடத்தில். கல் கணையத்தைச் சீண்டிவிட்டால், பை சீழ்ப்பிடித்து வீங்கிவிட்டால், பித்தநாளத்துக்குள் இறங்கிவிட்டால், 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்ற நம் சுபாவமே எதிரியாகிவிடுகிறது. இதில் பழைய மருத்துவப் பாடத்துக்கும் பங்குண்டு: வீக்கம் வடியட்டும், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்புவது வழக்கமாக இருந்தது. 2013-ல் ஜெர்மனியில் 618 பேரிடம் நடந்த ஆய்வு அதைச் சோதித்தது. கடும் பித்தப்பை அழற்சியோடு வந்தவர்களில் ஒரு குழுவுக்கு 24 மணி நேரத்துக்குள் அறுவை. மறு குழுவுக்கு முதலில் ஆன்டிபயாட்டிக், ஒரு வாரத்துக்குப் பின் அறுவை. உடனே செய்தவர்களில் சிக்கல் 11.8 சதவீதம், தள்ளிப்போட்டவர்களில் 34.4. லேசான கணைய அழற்சி வந்து தெளிந்தவர்களைப் பற்றி 2015-ல் நெதர்லாந்தின் போஞ்சோ ஆய்வு இதையே சொன்னது. அதே அட்மிஷனில் பையை எடுத்தவர்களில் கல் சம்பந்தப்பட்ட சிக்கலால் திரும்ப வந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் 5 சதவீதம். வீட்டுக்குப் போய்ச் சுமார் ஒரு மாதம் கழித்து வரச் சொன்ன குழுவில் 17. 'முதலில் உடம்பு தேறட்டும்' என்ற நல்லெண்ண வாக்கியத்துக்குள் இவ்வளவு ஆபத்து ஒளிந்திருக்கிறது. நல்ல நாள் பார்க்கிறவர்கள், மகன் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்கிறவர்கள், தியேட்டர் காலியில்லை என்று தேதி தள்ளும் ஆஸ்பத்திரிகள் எல்லாம் அந்த 17-க்குள் வரக்கூடியவர்களே. ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும்: கணையம் கடுமையாக அழுகிப்போன நிலை என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். அது இந்த வாதத்தில் அடங்காது.

பித்தநாளக் கல்லுக்கு வரும்போது நம் ஊருக்கே உரிய ஒரு தாமதம் சேர்ந்துகொள்கிறது. கண் மஞ்சளானால் முதலில் ஞாபகம் வருவது கீழாநெல்லி. அதற்குப் பேர் வந்ததற்குக் காரணமும் இருக்கிறது: தண்ணீரால் பரவும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தெளிந்துவிடும், பத்தியத்துக்கும் பச்சிலைக்கும் அந்தப் புகழ் போய்ச் சேரும். கல் அடைத்து வருகிற காமாலை அப்படியல்ல. மலம் களிமண் நிறமாக வெளுக்கும், சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்துக்குப் போகும், உடம்பெல்லாம் அரிக்கும். கல் நாளத்துக்குள் கொஞ்சம் நகர்ந்தால் காமாலை குறைந்த மாதிரி இருக்கும், பிறகு ஏறும். இந்த ஏற்ற இறக்கம் வைத்தியம் பலிப்பது போன்ற பிரமையைத் தந்து இன்னும் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். காமாலை, வலி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நாளத்துக்குள் சீழ் கட்டுகிறது என்று அர்த்தம். ஃபிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-லேயே எழுதிவைத்த மும்மை இது. அங்கிருந்து ரத்தத்தில் நஞ்சேறுவதற்கு நாட்கணக்கு தேவையில்லை, சில நேரம் மணிக்கணக்கே போதும். ஆகவே சும்மா கிடக்கும் பித்தப்பைக் கல்லுக்குச் சொன்ன ஆறுதலை நாளத்துக் கல்லுக்கு நீட்டக் கூடாது. தொந்தரவு இல்லாமல் தற்செயலாகத் தெரிந்தாலும் நாளத்துக் கல்லை எடுத்துவிடுங்கள் என்று அதே நைஸ் வழிகாட்டி சொல்கிறது.

எடுக்கும் வழி பெரும்பாலும் இ.ஆர்.சி.பி. வயிற்றில் துளையே இல்லை. வாய் வழியாகப் பக்கவாட்டில் பார்க்கும் எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல் வரை இறக்கி, பித்தநாளம் குடலுக்குள் திறக்கிற அந்தச் சின்ன மேட்டைக் கண்டுபிடித்து, கம்பியை நுழைத்து, சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். பிறகு வாயிலில் இருக்கும் சுருக்குத் தசையை மின்கம்பியால் சிறிது வெட்டி, பலூனாலோ சின்னக் கூடையாலோ கல்லைக் குடலுக்குள் இழுத்துவிடுகிறார்கள். 1968-ல் அமெரிக்காவில் மெக்கூன் அந்த வாயிலுக்குள் நுழைந்து காட்டினார். 1974-ல் ஜெர்மனியில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானில் கவாயும் தசையை வெட்டிக் கல் எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். துளையே இல்லாததால் இதைச் சாதாரண எண்டோஸ்கோப்பி என்று நினைப்பவர்கள் அதிகம். 1996-ல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 2,347 பேரைக் கவனித்த ஃப்ரீமன் குழுவின் ஆய்வில் சிக்கல் வந்தவர்கள் 9.8 சதவீதம், கணைய அழற்சி மட்டும் 5.4. இன்னொரு கசப்பான உண்மையும் அதில் வெளிப்பட்டது: நாளத்தில் தெளிவான கல் இல்லாமல், வெறும் சந்தேகத்தின் பேரில் செய்துகொண்டவர்களுக்கே ஆபத்து அதிகம். அதனால் 'உள்ளே கல் இருக்கிறதா என்று பார்க்க' இ.ஆர்.சி.பி. செய்யும் காலம் முடிந்துவிட்டது. பார்ப்பதற்கு எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் இருக்கிறது, எண்டோஸ்கோப் முனையில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. இரண்டிலும் தசையை வெட்டும் பேச்சே இல்லை. சந்தேகம் நடுத்தரமாக இருந்தால் முதலில் இவை, உறுதியானால் இ.ஆர்.சி.பி. அதைச் செய்யும்போது ஆசனவாயில் இண்டோமெத்தசின் மாத்திரை வைத்தால் கணைய அழற்சி குறைகிறது என்று 2012-ல் வந்த ஆய்வு காட்டியது. அதிக ஆபத்துள்ள 602 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், அது 16.9 சதவீதத்திலிருந்து 9.2-க்கு இறங்கியது. இவ்வளவு மலிவான மருந்து இவ்வளவு வேலை செய்வது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

நாளத்துக் கல் வெளியே வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போவதுதான் அடுத்த தடுமாற்றம். கல் விளைந்த பை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. 2002-ல் நெதர்லாந்தில் இப்படிப்பட்ட 120 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனடியாகப் பித்தப்பையை எடுத்தார்கள். மறு பாதியைப் பொறுத்திருந்து பார்க்கச் சொன்னார்கள். பொறுத்திருந்தவர்களில் 47 சதவீதத்தினருக்குத் தொந்தரவு திரும்ப வந்தது. எடுத்தவர்களில் 2 சதவீதம். 'ஒரே தடவையில் இரண்டையும் முடிக்க முடியாதா' என்று கேட்டால், முடியும்: லேப்ராஸ்கோபியிலேயே நாளத்தைத் திறந்து கல்லை எடுத்துவிட்டுப் பையையும் அகற்றலாம். சிக்கல்களில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் நாளத்துக்குள் லேப்ராஸ்கோபியில் வேலை செய்யப் பழகிய கை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இருக்கிற கையின் பழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்வதே சரி. கல் பெரியது, ஒரே தடவையில் வரவில்லை என்றால் பித்தநீர் ஓடுவதற்காகப் பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஒன்றை வைத்து அனுப்புவார்கள். அது நிரந்தரம் அல்ல. சுமார் மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும், அதற்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். மறந்துவிட்டால் அதைச் சுற்றியே புதுக்கல் கட்டி, சீழ்க் காய்ச்சல் திரும்ப வரும். காமாலை தெளிந்து, பசி எடுத்து, வேலைக்குத் திரும்பியவருக்கு உள்ளே ஒரு குழாய் இருப்பது மறந்துபோவதில் ஆச்சரியமில்லை. அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதியும் பித்தப்பை அறுவைக்கான தேதியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்டு பில்லைக் கட்டுங்கள்.